பாங்காக்கில் ரயிலா, டாக்சியா?

கேள்வி: நான், கணவர், எட்டு வயது மகள், முட்டிவலி உள்ள 70 வயது அம்மா என நால்வரும் சென்னையிலிருந்து பாங்காக் போகிறோம். ஐந்து நாள் பயணம், அசோக் பகுதியில் ஹோட்டல். ஐந்து நாளுக்கும் வேன் பேசிவிடுங்கள் என்கிறார் டிராவல்ஸ்காரர். ரயிலே போதும், டாக்சிக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஐந்து நாளுக்கும் வேன் வேண்டவே வேண்டாம். பாங்காக்கின் மாலை நெரிசலில் வேனும் நிற்கும், டாக்சியும் நிற்கும். அதனால் ரயிலா டாக்சியா என்பதை மணி பார்த்து முடிவு செய்யுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை, மாலை நாலரை முதல் ஏழரை வரை ரயில். மற்ற நேரங்களில் டாக்சிக்குத் தயங்க வேண்டாம். ரயிலில் ஆளுக்கு ஒரு டிக்கெட். டாக்சி மீட்டர் 35 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கும், அது நால்வருக்கும் சேர்த்து. பக்கத்து இடங்களுக்கு டாக்சியே மலிவாக முடியும்.

சென்னையிலிருந்து கிளம்பும் இரவு விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் இறங்கும். சாலை காலியாக இருக்கும் நேரம், டாக்சியே நல்லது. சுவர்ணபூமி விமான நிலையத்தின் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தால் வரிசையாக இயந்திரங்கள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் எந்த எண்ணில் டாக்சி நிற்கிறது என்று சீட்டு வரும். அந்தச் சீட்டை டிரைவரிடம் கொடுத்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்; வண்டியில் ஏதாவது மறந்துவிட்டாலோ தகராறு என்றாலோ அதுதான் ஆதாரம். மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட் உண்டு, டோலும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது ஏமாற்று அல்ல, அங்கே நடைமுறை. "ஹைவே?" என்று டிரைவர் கேட்டால் சரி என்று தலையாட்டுங்கள்.

ஒன்றை மட்டும் முன்பே யோசியுங்கள். அங்கே பல டாக்சிகளின் டிக்கியில் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். இரண்டு பெரிய பெட்டி வைத்தால் மூன்றாவது உங்கள் மடியில்தான். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் பெரிய டாக்சிக்கு என்று இருக்கும் வரிசையில் நில்லுங்கள்.

ஊருக்குள் டாக்சி பிடிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கை காட்டி நிறுத்துங்கள். அரண்மனை வாசலிலும் மால் வாசலிலும் நிறுத்திவைத்துக் காத்திருப்பவர்கள்தான் மீட்டர் போடாமல் மொத்தமாகத் தொகை சொல்வார்கள். "மீட்டர்" என்ற சொல் அவர்களுக்கும் புரியும். மறுத்தால் வாதாடாதீர்கள், அடுத்த வண்டி வரும். ஹோட்டல் பெயரைத் தாய் எழுத்தில் போனில் வைத்திருங்கள். ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். 20, 100 நோட்டுகள் கையில் இருக்கட்டும். மாலை மூன்று, நாலு மணிக்குப் பல டிரைவர்கள் வர மறுப்பார்கள். வாடகை வண்டியை ஷிப்ட் முடிந்து ஒப்படைக்க வேண்டிய நேரம் அது, உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை. அந்த நேரத்துக்கு, போனிலேயே வண்டி அழைக்கும் கிராப் அல்லது போல்ட் ஆப் கைகொடுக்கும். ஓடிபி தொல்லை இல்லாமல் சென்னையிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

இனி ரயில். ஹோட்டலை அசோக்கில் போட்டது நல்ல முடிவு. மேலே ஸ்கைட்ரெயின், கீழே எம்.ஆர்.டி சுரங்க ரயில், இரண்டும் சந்திக்கும் இடம் அது. ஆனால் மேலே நிலையத்தின் பெயர் அசோக், கீழே சுகும்வித். இரண்டும் வேறு நிறுவனங்கள், ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. சுரங்க ரயிலில் விசா, மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டி உள்ளே போகலாம். ஆனால் ஒரு கார்டு ஒருவருக்குத்தான். கார்டு இல்லாதவர்களுக்கு வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் வாங்குங்கள். நுழையும்போது தொட்டுக் காட்டி, வெளியேறும்போது துளையில் போட வேண்டும். மகளிடம் கொடுத்தால் அவளே செய்வாள், தொலைக்காமல் இருந்தால் சரி.

அரண்மனைக்கு ஸ்கைட்ரெயின் போகாது. சுகும்வித்திலிருந்து சுரங்க ரயிலில் மாறாமல் சனாம் சாய் போய் இறங்கலாம். அங்கிருந்து வாட் போ கோயில் பக்கம்தான். அரண்மனை நுழைவாயிலுக்கு இன்னும் நடக்க வேண்டும், வெயிலில் அம்மாவுக்குக் கஷ்டம். அந்தத் துண்டுக்கு மட்டும் டாக்சி எடுங்கள். வழியில் யாராவது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து "இன்று அரண்மனை மூடல், இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அவர் ஏற்றிவிடும் டுக்டுக் (அங்கத்து ஆட்டோ) நேராக ரத்தினக் கடைக்குத்தான் போகும்.

திரும்பும்போது ஆரஞ்சுக் கொடி கட்டிய பயணிகள் படகில் சாவோ பிரயா ஆற்றில் சாத்தோன் துறை வரை வரலாம். மாலை நேரத்துக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. ஆனால் படகு துறையில் அதிக நேரம் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும்போது ஏற வேண்டும். அம்மாவை ஒருவர் பிடித்துக்கொள்ள முடியுமென்றால் மட்டும் போங்கள். துறையை ஒட்டியே சபான் தக்சின் ஸ்கைட்ரெயின் நிலையம். அடுத்த நிறுத்தமான சுரசாக்கில் இறங்கினால் சீலோம் சாலை மாரியம்மன் கோயில் நடக்கும் தூரம். ஸ்கைட்ரெயின் நிலையங்களில் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. படியேறும் முன் லிஃப்ட் குறி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஊர் திரும்பும் விமானம் இரவு என்றால் விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரமும் நெரிசல் நேரமும் ஒன்றாக வந்து விழும். அதே நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களால் விமான நிலைய ரயிலும் நிரம்பி வழியும், பெட்டிகளோடு அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். மூன்றரைக்கெல்லாம் ஆப்பில் பெரிய காராக எடுத்துக் கிளம்பிவிடுங்கள்.