புரோகிராம் எழுதிப் பழக புரோகிராமபிள் கால்குலேட்டர்தான் வாங்க வேண்டுமா?

சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் வைத்திருக்கிறீர்கள். சைன், காஸ், லாக் தாண்டி எதையும் தொட்டதில்லை. புரோகிராம் எழுதிப் பழக புரோகிராமபிள் மாடல், அதாவது கட்டளைகளை உள்ளே சேமித்துத் தானாகவே ஓடவிடும் மாடல், வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கால்குலேட்டரில் ஆன்ஸ் (Ans) பட்டன் இருந்தாலே போதும், இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.

கடைசியாக வந்த விடையை ஆன்ஸ் வைத்திருக்கும் என்பது தெரிந்திருக்கும். அதை ஒரு கோவைக்குள் போட்டுவிட்டு = பட்டனை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் அதே கோவை, புது விடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடும். 1000 என்று அடித்து =. பிறகு ஆன்ஸ்×1.08 என்று அடித்து ஒன்பது முறை = அழுத்தினால் 1999.004627 வரும். 8 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாவது வருடம் வருடமாகக் கண்ணெதிரே ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நியூட்டன் முறை: தோராயமான ஒரு மதிப்பில் தொடங்கி, சமன்பாட்டின் தீர்வைப் படிப்படியாக நெருங்கும் வழி. நியூட்டனே தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட சமன்பாடு எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0. முதலில் 2 =. அடுத்து இதை அடியுங்கள்:

ஆன்ஸ் − (ஆன்ஸ்³ − 2ஆன்ஸ் − 5) ÷ (3ஆன்ஸ்² − 2)

முதல் அழுத்தலில் 2.1. இரண்டாவதில் 2.094568121. மூன்றாவதில் 2.094551482. அதற்கு மேல் எத்தனை தடவை அழுத்தினாலும் திரை அசையாது. மூன்றே அழுத்தலில் பத்து இலக்கம் சரியாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது இந்த முறையின் வேகம் என்னவென்று புரியும். பாடப்புத்தகத்தில் படித்து எனக்கு அது புரிந்ததே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, கோண அளவை ரேடியனில் வைத்து 1 =, பிறகு காஸ்(ஆன்ஸ்) என்று போட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். 0.739085133-இல் வந்து நிற்கும், ஆனால் அதற்குள் ஐம்பது அறுபது முறை அழுத்த வேண்டியிருக்கும். இரண்டுமே விடையை நெருங்கும் வழிகள்தான். ஒன்று ஏன் பறக்கிறது, இன்னொன்று ஏன் ஊர்கிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் அல்காரிதம், அதாவது கணக்கைத் தீர்க்கும் படிமுறை, படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். (டிகிரியில் வைத்துச் செய்தால் 0.999847742 வரும், அதுவும் நாலைந்து அழுத்தலிலேயே. ஏன் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள், அருமையான கணக்கு.)

மேலே செய்ததெல்லாம் லூப்தான், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சி. எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் உங்கள் கண் பார்த்துக்கொள்கிறது.

அடுத்த படி மெமரி. ஏ, பி, எக்ஸ் என்று எழுத்துகளில் எண்களைச் சேமிக்கலாம். கேஷியோவின் ஈஎஸ் வரிசையில் கால்க் (CALC) பட்டன் உள்ள மாடல்கள் மாதிரியானவற்றில் முக்காற்புள்ளி போட்டு இரண்டு கட்டளைகளைச் சேர்த்தே எழுதலாம்:

எக்ஸ்=எக்ஸ்+1 : ஏ=ஏ+எக்ஸ்²

இதற்குள் வரும் சமக்குறியை ஆல்ஃபா (ALPHA) பட்டனையும் பிறகு கால்க் பட்டனையும் அழுத்திப் போட வேண்டும். எழுதியதும் கால்க் அழுத்துங்கள். ஆரம்ப மதிப்பு கேட்கும், இரண்டுக்கும் 0 கொடுத்துவிட்டு = அழுத்திக்கொண்டே போங்கள். எக்ஸ் 5 ஆகும்போது ஏ 55, எக்ஸ் 10 ஆகும்போது ஏ 385. ஒரு எண்ணி, ஒரு கூட்டுத்தொகை, ஒரு சுழற்சி. புரோகிராம் என்று எழுதாத மாடலில் ஓடும் முழுமையான புரோகிராம் இது.

சமன்பாட்டைத் தானே தீர்க்கும் சால்வ் (SOLVE) பட்டன் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், ஆனால் நியூட்டன் முறையைக் கையால் செய்து பார்த்த பிறகு. அது ஏன் ஆரம்ப மதிப்பு கேட்கிறது, மூன்று தீர்வு உள்ள சமன்பாட்டுக்கு ஏன் ஒன்றை மட்டும் காட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். வேறு ஆரம்ப மதிப்பு கொடுத்தால் வேறு தீர்வு கிடைக்கலாம்.

கோண அமைப்பை ஒவ்வொரு முறையும் பாருங்கள்: சைன் 30-க்கு 0.5 வராமல் −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 6÷2(1+2) போன்ற கோவைக்குச் சில மாடல்கள் 1 என்றும் சில 9 என்றும் காட்டும். பெருக்கல் குறியையும் அடைப்புக்குறியையும் நீங்களே போட்டுவிட்டால் இந்தத் தகராறே வராது.

சரி, புரோகிராமபிள் எப்போது தேவை? நிறுத்தும் முடிவையும் இயந்திரமே எடுக்க வேண்டும், ஒரே கணக்கை நூறு எண்களுக்குச் செய்ய வேண்டும் என்ற நிலை வரும்போது. ஹியூலெட் பேக்கார்டு 1972-இல் கொண்டுவந்த எச்பி-35-இல் புரோகிராம் வசதி கிடையாது. 1974-இல் வந்த எச்பி-65-இல் இருந்தது, மொத்தம் 100 படிகள். எழுதியதைச் சின்னக் காந்த அட்டையில் சேமித்துக்கொள்ளலாம். அந்தக் கால்குலேட்டரை 1975-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து நடத்திய அப்போலோ சோயுஸ் விண்வெளிப் பயணத்திலேயே எடுத்துப் போனார்கள். நூறு படிகளுக்கு மட்டுமே இடம் இருந்ததால் ஒவ்வொரு படியையும் யோசித்து எழுத வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

வாங்குவதாக முடிவெடுத்தால், முதலில் நீங்கள் எழுதப்போகும் தேர்வின் விதியைப் படியுங்கள்; பல தேர்வுகளில் புரோகிராமபிள் மாடலுக்கு அனுமதி இல்லை. எழுதும் புரோகிராம் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டிலும் எழுதி, பக்கத்திலேயே விடை தெரிந்த ஒரு கணக்கையும் குறித்து வையுங்கள். கால்குலேட்டரை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். திரும்ப அடித்த பிறகு அந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்காவது ஒரு குறி விட்டுப்போயிருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.