கேளுங்கள், சொல்கிறோம்: அதிபரிடம் பத்து நிமிடம்

கேள்வி: எங்கள் சங்கத்துக்குத் தென்னாப்பிரிக்க அதிபரைச் சந்திக்கப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. ஈழத் தமிழர் பிரச்சினை, இந்திய விசா தாமதம் என்று ஏழு கோரிக்கைகள் கைவசம் உள்ளன. எதை முதலில் சொல்வது?
– சங்கச் செயலாளர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஏழையும் கொண்டுபோனால் ஒன்றும் தேறாது. அறிமுகம், கைகுலுக்கல், படம் எடுப்பது எல்லாம் போக மிஞ்சுவது நாலைந்து நிமிடம்தான். விசாவை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்; அது இந்தியாவின் முடிவு, டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சொல்ல வேண்டியது.

இலங்கையைப் பற்றிப் பேசுவதென்றால் பழைய கணக்கைப் புரட்டிவிட்டுப் போங்கள். 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை குறித்த தீர்மானம் 23 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. 12 நாடுகள் எதிர்த்தன. 12 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவற்றில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் அப்போது துணை அதிபராக இருந்த சிரில் ராமபோசா, சமரசத்துக்கு உதவும் சிறப்புத் தூதராக இலங்கை போனார். நடுவராக நிற்க நினைப்பவர் ஒரு பக்கம் கைதூக்கத் தயங்குவார் என்பது எங்கள் கணிப்பு. அதனால் 'கண்டியுங்கள்' என்று கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களின் விஷயத்தை, இலங்கையோடு நடக்கும் அடுத்த பேச்சில் எடுங்கள்' என்று கேளுங்கள். எடுத்தார்களா என்று ஆறு மாதம் கழித்து நீங்களே விசாரிக்கலாம்.

மனு ஒரே பக்கம், ஆங்கிலத்தில். நாங்கள் யார், என்ன நடந்தது, என்ன கேட்கிறோம் என்பது முதல் மூன்று வரிக்குள் வந்துவிட வேண்டும். இரண்டு வாரம் முன்னதாகவே அதிபர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதிபர் கையில் இருக்கும் குறிப்பைத் தயாரிப்பவர்கள் அதிகாரிகள். அவர்கள் கண்ணில் படாத கோரிக்கைக்கு 'பார்க்கிறோம்' என்பதற்குமேல் பதில் வராது.

கேள்வி: வேறு நாட்டோடு அதிபர் ஒப்பந்தம் போட்டால் அது உடனே செல்லுமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: பொதுவாகச் செல்லாது. அரசமைப்பின் 231-ஆம் பிரிவின்படி பேசுவதும் கையெழுத்திடுவதும் அரசின் வேலை. நாட்டைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். தொழில்நுட்ப, நிர்வாக ரீதியானவை போன்ற சில ஒப்பந்தங்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றையும் நியாயமான காலத்துக்குள் அவையில் வைத்தாக வேண்டும். ஆகவே ஒப்பந்தம் பற்றிய மனுவை உங்கள் பகுதி எம்.பி.க்கும் கொடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இந்தியத் தூதரை ஏன் 'ஹை கமிஷனர்' என்கிறார்கள்?
– மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு அதுதான் பெயர். இந்தியாவைப் போலவே தென்னாப்பிரிக்காவும் அதில் உண்டு; 1961-இல் அதிலிருந்து வெளியேறி 1994-இல் திரும்பச் சேர்ந்தது.

கேள்வி: அதிபருக்குப் பொன்னாடை போர்த்தலாமா?
– வாசகர், டொங்காட்

பதில்: போர்த்தலாம், மரபுப் பிரிவு (புரோட்டோகால்) அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால். சொல்லாமல் பையோடு போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.