கூடாரத்துக்குள் கற்கோயில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலையில் குடும்பத்தோடு மூன்று நாள் மால்டா போகிறோம். பையனுக்கு ஐந்து வயது. ஹஜர் இம், ம்னைத்ரா கற்கோயில்கள், பாஓலா ஊரின் நிலத்தடிக் கல்லறை, கோசோ தீவின் ஜ்கந்தியா கோயில் நான்கையும் ஒரே நாளில் முடித்துவிட்டு மிச்ச நாள் கடற்கரை என்று திட்டம். படங்களில் கோயில்மேல் வெள்ளைக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். சிற்பங்களும் நகல்தானாம். பிறகு போய் என்ன பார்ப்பது? ம்னைத்ராவில் சூரிய ஒளி விழுவதைப் பார்க்கலாமா? நம் பெருங்கற்காலமும் இதுவும் ஒன்றா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான்கும் ஒரே நாளில் நடக்காது. விமான டிக்கெட்டுக்கு முன்பே நிலத்தடிக் கல்லறைக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஹல் சஃப்ளியெனி என்று பெயர். 1902-ல் வீடு கட்டத் தோண்டியபோது அகப்பட்டது. பாறையைக் குடைந்து மூன்று அடுக்கு. சுமார் 7,000 பேரின் எலும்புகள் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கூரையில் செங்காவிச் சுருள்கள் இன்னும் இருக்கின்றன. ஆட்களின் மூச்சிலிருந்து வரும் ஈரமும் கரியமில வாயுவும் அந்தக் காவியைக் கெடுக்கும், பாசியை வளர்க்கும். அதனால்தான் ஒரு தடவைக்குப் பத்துப் பேர், நாளைக்கு எண்பது பேர் என்று நிறுத்திவிட்டார்கள். கோடையில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆறு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆகவே ஒருவர் வெளியே பையனோடு இருக்க, மற்றவர் போகலாம். இரண்டு வெவ்வேறு நேரத்துக்கு எடுத்தால் இருவரும் பார்த்துவிடலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் பாஸில் இது அடங்காது. இதைத் தெரியாமல் பாஸ் வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இனி கூடாரம். கட்டினவர்கள் இரண்டு வகைச் சுண்ணாம்புக்கல்லை எடுத்தார்கள். ஒன்று சாம்பல் நிறத்தில், உடைப்பதற்கே கஷ்டமான பவளச் சுண்ணாம்புக்கல். இன்னொன்று தேன் நிறத்தில், செதுக்க எளிதான மெத்துக்கல். அந்த ஊரில் அதை ஃப்ராங்கா என்பார்கள். ஜ்கந்தியாவிலும் ம்னைத்ராவிலும் வெளிச்சுவருக்குக் கடினக்கல்லும், உள்ளே வாசல் அலங்காரங்களுக்கு மெத்துக்கல்லும் போட்டார்கள். ஹஜர் இம் முழுக்க மெத்துக்கல், அதுவும் கடற்காற்று நேராக அறையும் மேட்டில். காற்று கொண்டுவரும் உப்பு மழையில் கரைந்து கல்லுக்குள் இறங்கும். வெயிலில் காய்ந்ததும் உள்ளேயே படிகமாகிக் கல்லின் மணிகளைத் தள்ளும். மேற்பரப்பு தேன்கூடு போல் குழிந்து உதிரும். போதாததற்கு, சுவர்கள் இரட்டைச் சுவர்கள். நடுவே மண்ணும் சல்லியும். மழை அந்த மண்ணை அரித்துக்கொண்டு போனால் கல் சரிந்துவிடும். 1990-களில் சரிந்தும் இருக்கிறது. 2009-ல் கூடாரம் வந்தது. படம் அழகாக வராதுதான். கூடாரம் இல்லாவிட்டால் உங்கள் பையன் பேரப்பிள்ளையைக் கூட்டிவரும்போது இன்னும் கொஞ்சம் கரைந்திருக்கும்.

நகல் விஷயமும் அதே மெத்துக்கல் கதைதான். கல்லறைக்குப் பக்கத்திலுள்ள தர்ஷீன் கோயிலின் சுருள் செதுக்குகளையும் விலங்கு வரிசைகளையும் தலைநகர் வல்லெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். கல்லறையில் கிடைத்த உள்ளங்கையளவு ‘உறங்கும் பெண்’ சிலையும் அங்கேதான். அதனால் முதல் நாள் காலை அருங்காட்சியகம். அசலைப் பார்த்த கண்ணோடு போனால்தான் கோயிலில் எது எங்கே நின்றது என்று பிடிபடும். பிற்பகலில் கல்லறை; அங்கிருந்து தர்ஷீன் பொடிநடைதான்.

இரண்டாம் நாள் ஹஜர் இம், திறக்கும் நேரத்துக்கே. ‘ஹஜர் கிம்’ என்று கேட்காதீர்கள், எழுத்தில் இருக்கும் க்யூ பேச்சில் தொண்டையடைப்பாகப் போய்விடும். ஒரே டிக்கெட்டில் ம்னைத்ராவும் உண்டு. அரைக் கிலோமீட்டர் கீழே. இறங்குவது சுகம்; ஏறிவருவது ஜூலை வெயிலில், வழியில் மர நிழல் இல்லாமல். தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஹஜர் இம்மில் 20 டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைப் பலகைக்கல்லை வெளிச்சுவரில் தேடுங்கள். ம்னைத்ராவில், ஒரே கல்லின் நடுவில் சதுரமாக வெட்டிய வாசலையும் அதைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாகக் குடைந்த அலங்காரத்தையும் பாருங்கள்.

சூரிய ஒளி ஜூலையில் கிடையாது. ம்னைத்ராவின் கீழ்க்கோயில் கிழக்குப் பார்த்தது. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக வரும் சமராத்திரி நாட்களில் மட்டும் உதயத்தில் ஒளி நடு அச்சில் நேரே உள்ளே போகும். ஜூனில் பகல் மிக நீண்ட நாளிலும் டிசம்பரில் மிகக் குறுகிய நாளிலும் வாசலுக்கு இருபுறமும் உள்ள கற்களில் ஒன்றன் விளிம்பைத் தொடும். அன்றைக்கு விடியலில் தனி டிக்கெட் போட்டுச் சிலரைத்தான் விடுவார்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது.

பெருங்கற்காலம் என்ற சொல்லில் ஒரு வழுக்கல் இருக்கிறது. தமிழகத்தில் அது பெரும்பாலும் இரும்புக்கால ஈமச்சின்னங்களைக் குறிக்கும். கல்வட்டத்தோடு இரும்புக் கத்தி கிடைக்கும். மால்டாக்காரர்களிடம் இரும்பு மட்டுமல்ல, செம்பே இல்லை. சிசிலியிலிருந்து தீக்கல்லும், லிபாரி, பாண்டெல்லேரியா தீவுகளிலிருந்து எரிமலைக் கண்ணாடியும் கருவிகளுக்காக வரவழைத்து, கி.மு. 3600 முதல் 2500 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் பெரிது என்பதோடு ஒற்றுமை சரி. ‘உலகின் மிகப் பழைய கட்டடம்’ என்று விளம்பரங்களில் பார்ப்பீர்கள். துருக்கியின் கோபெக்லி தெபே இதைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது. கீஸாவின் பெரிய பிரமிடைவிட ஜ்கந்தியா ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது, அது உண்மை.

மூன்றாம் நாள் கோசோ. சிர்கெவ்வாவிலிருந்து கப்பலில் 25 நிமிடம். போகும்போது காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் கட்டணம். ஷாரா ஊரில் ஜ்கந்தியாவின் வெளிச்சுவர் இன்னும் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கூடாரமும் இல்லை, உங்கள் படத்துக்கு அதுதான் இடம். அந்த டிக்கெட்டிலேயே பக்கத்திலுள்ள பழைய காற்றாலையும் அடக்கம். பையனை அங்கே கூட்டிப்போங்கள்.