கேளுங்க, சொல்றேன்: 37 வயதில் நின்றுபோன மாதவிலக்கு

(வாசகிகளின் உடல்நலக் கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 37. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறேன். போன ஆடியிலிருந்து மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது, இப்போது ஐந்து மாதமாக அறவே இல்லை. தோட்டத்தில் மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டு நிற்கும்போது எனக்கு மட்டும் திடீரென்று முகமெல்லாம் எரிகிறது, ரவிக்கை நனைந்துவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு வேர்த்து முழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை. நாலரைக்கு எழுந்து சோறு கட்ட வேண்டும். கை மூட்டெல்லாம் வலி. பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன்.

மூன்று டாக்டரைப் பார்த்துவிட்டேன். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவள் என்று சொல்லியும் முதல் டாக்டர் கர்ப்பமா என்று சோதித்தார். அடுத்தவர் ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை எழுதினார். மலை மேல் ஒரு கிளினிக்கில் "உடம்பெல்லாம் சூடு" என்றேன். காய்ச்சல் இல்லையே, டென்ஷன்தான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாமியார், "தொல்லை விட்டுச்சுன்னு இரு" என்கிறார். என் அக்காவுக்கும் 39 வயதில் நின்றுவிட்டது. எனக்கு என்ன நோய்?

— பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் அக்காவுக்கும் 39-ல் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அந்த மூன்று டாக்டர்களில் ஒருவரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். அடுத்த டாக்டரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47-ஐ ஒட்டி இருக்கிறது. 40-லிருந்து 45-க்குள் நின்றால் சீக்கிரம் நின்றது என்று கணக்கு. 40-க்கு முன்னால் நின்றாலோ, உங்களுக்குப் போல விட்டுவிட்டு வந்து ஓய்ந்தாலோ, அது 'வயசானால் வருவது' அல்ல. சினைப்பை முன்கூட்டியே வேலையைக் குறைத்துக்கொள்வது அது. ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு சொல்ல முடியாது. தைராய்டும் இதே மாதிரி ஆட்டிவைக்கும். ஆனால் நீங்கள் எழுதியதை ஒரு டாக்டர் முழுதாகக் கேட்டால், இந்தச் சோதனையைச் செய்யாமல் அனுப்பக் கூடாது.

என் கதையையும் சொல்கிறேன், அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். எனக்கு 38 வயதில் நின்றது. அப்போது நான் எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். ராத்திரி டியூட்டியில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டிருக்கும்போதே காது மடல் வரை அனல் ஏறும். கூட வேலை பார்த்த டாக்டரிடமே சொன்னேன். "நைட் டியூட்டி பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் சகஜம் சிஸ்டர்" என்றார். வெள்ளை உடுப்பு போட்ட எனக்கே இந்தப் பதில்தான். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் வேறு எதற்கோ போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எந்தத் தேதியில் வந்தது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டு ஏட்டில் எழுதியவள் நான். என் தேதி எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் எழுதிக்கொடுத்த சோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் எலும்பு தேய ஆரம்பித்திருந்தது. 46 வயதில் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அதனால் முதல் வேலை, பால் கணக்கு எழுதும் காலண்டர் இருக்கிறதல்லவா, அதில் எழுத ஆரம்பியுங்கள். கடைசியாக வந்த தேதி, அதற்கு முன்னால் வந்த தேதி, நினைவில் இருக்கும் வரை. கோயில் திருவிழா, மகளின் பரீட்சை என்று எதையாவது வைத்து யோசித்தால் தேதி பிடிபடும். அனல் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. ராத்திரி வேர்த்து எழுந்தால் ஒரு வட்டம். மூன்று வாரம் போதும். "அடிக்கடி வருது" என்று சொன்னால் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுவார். "ஒரு நாளைக்கு ஒன்பது தடவை, வாரத்தில் ஐந்து ராத்திரி" என்று தாளை நீட்டினால் பேனாவை எடுப்பார். நான் பல வருஷம் ஓ.பி.யில் நின்று பார்த்தது இது. அப்படிச் சொல்லத் தெரியாதவர்களையும் பொறுமையாகக் கேட்பது டாக்டரின் கடமைதான். நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் அந்தக் கடமை தவறிப்போகிறது, நஷ்டம் நமக்கு.

அடுத்தது 'சூடு' என்ற சொல். நாம் எதற்கெல்லாம் அதைச் சொல்கிறோம்! கண் எரிந்தாலும் சூடு, நீர்க்கடுப்பும் சூடு, வாய்ப்புண்ணும் சூடு. தமிழ் டாக்டரானால் மோர் குடி, இளநீர் குடி என்பார். மலைக்கு மேலே, கேரளப் பக்கத்தில், அந்தச் சொல்லைக் கேட்டால் தெர்மாமீட்டரைத்தான் எடுப்பார்கள். மலையாளத்தில் 'பனி' என்றாலே காய்ச்சல். "காலையில பனியில நின்னேன்" என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரையோடு இறங்கி வந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நடப்பதை அப்படியே சொல்லுங்கள்: "நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று அனல் ஏறுகிறது, இரண்டு மூன்று நிமிஷம் இருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, அப்புறம் குளிர்கிறது." மாதவிலக்குக்கு மலையாளத்தில் 'மாசமுறை' என்பார்கள், அது நின்றுபோவதற்கு 'ஆர்த்தவ விராமம்'. இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தால் அங்கே பாதி வேலை முடிந்தது. கீழே இறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனை இருக்கிறது, அதற்கும் மேலே என்றால் கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மகப்பேறு, மகளிர் பிரிவு என்று கேட்டுப் போங்கள்.

முதல் டாக்டர் கர்ப்பமா என்று பார்த்ததில் உங்களுக்கு வருத்தம். அது சரியான சோதனைதான், ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டாரே, தப்பு அதில்தான் இருக்கிறது.

இப்போது கேட்க வேண்டியது எஃப்.எஸ்.எச். என்ற ரத்தச் சோதனை. சினைப்பை சோர்ந்துபோனால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "வேலை செய், வேலை செய்" என்று இந்த ஹார்மோனை அதிகமாக அனுப்பும். நாலு மாதத்துக்கு மேல் மாதவிலக்கு ஒழுங்கு தப்பியிருந்து, இந்த அளவு 25-க்கு மேல் இருந்தால் சினைப்பை ஓய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முடிவில் சந்தேகம் இருந்தால் நாலு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கூடவே ஈஸ்ட்ரடையால், புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள், தைராய்டுக்கு டி.எஸ்.எச். உங்களுக்கு ஐந்து மாதமாக இல்லாததால் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "வரவைக்க மாத்திரை தருகிறேன்" என்று சிலர் ஐந்து நாள், பத்து நாளுக்கு எழுதித் தருவார்கள். போட்டு முடித்ததும் உதிரம் பட்டால், சரியாகிவிட்டது என்று வீடே நிம்மதி அடையும். அது மாத்திரையால் வந்தது, சினைப்பை தானாகக் கொண்டுவந்தது அல்ல. இப்படியே வருஷக்கணக்கில் போனவர்களை எனக்குத் தெரியும். மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டாக்டர் மறுபடியும் டென்ஷன் என்று சொன்னால், சண்டை வேண்டாம். "சரிங்க டாக்டர், 37 வயசுல ஐந்து மாதமா வரல, அக்காவுக்கும் 39-ல நின்னுடுச்சு. எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டாம்னா, ஏன்னு சீட்டில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. வீட்டுக்காரரையோ பெரிய மகளையோ கூட்டிப்போங்கள். இரண்டு பேராக உட்கார்ந்தால் டாக்டர் பேசும் விதமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். ஐம்பதில் நின்றால் அந்தப் பேச்சு பொருந்தும். 37-ல் நின்றால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் உடம்புக்குக் கிடைக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிடைக்காமல் போகிறது. எலும்பு தேயும், இதய நோய்க்கு வாய்ப்பு கூடும். அதனால்தான் மார்புப் புற்றுநோய், காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் நோய் போன்ற தடை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய 50 வயது வரை ஹார்மோன் கொடுப்பதை வழக்கமாகப் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரையும் உண்டு, தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டையும் உண்டு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே தர வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப்போகும்.

"ஹார்மோன் போட்டால் கேன்சர் வரும்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2002-ல், அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு வெளிவந்தபோது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள், சராசரி வயது 63. ஐம்பதுக்கு மேல் கூடுதலாக ஹார்மோன் எடுப்பது வேறு, 37-ல் குறைந்துபோனதை ஈடுகட்டுவது வேறு. அந்தக் கணக்கை அப்படியே உங்கள் மேல் வைக்க முடியாது. எனக்கு அந்த இரண்டு வருஷம் வீணாகாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் மணிக்கட்டைத் தடவிக்கொள்ளும்போது நினைப்பேன்.

சாப்பாட்டில் கேழ்வரகு சேருங்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளும் நல்லது. ஏலத்தோட்டம் முழுக்க நிழல் மரத்தடி, முழுக்கைச் சட்டை, தலையில் துணி, இப்படி இருந்தால் வெயில் உடம்பில் படவே படாது. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா, தங்கை இருவருக்கும் இப்படி என்பதால் மரபணுச் சோதனை வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். 'ஃப்ராஜைல் எக்ஸ்' என்ற ஒரு மரபணு மாற்றம் சில குடும்பங்களில் இப்படி வரும். குடும்பத்தில் ஆண் பிள்ளை யாருக்காவது மூளை வளர்ச்சிக் குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மகளுக்கு இப்போதே பயம் காட்ட வேண்டாம். ஆனால் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எந்த வயதில் நின்றது என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும், பிள்ளை பெறுவதைத் திட்டமிடும்போது அவளுக்கு அது உதவும். உங்கள் அக்காவையும் ஒரு தடவை எலும்பு அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கு முழித்து, நாலரைக்கு அடுப்பு மூட்டி, மலையேறி வேலை செய்கிற உடம்பு. அவர்களை உட்காரவைத்து, "அம்மாவுக்கு உடம்பில் இப்படி நடக்குது" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 40. நாலு வருஷம் முன்பு கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது ராத்திரியில் வேர்வை, படபடப்பு, நீர் பிரியும்போது எரிச்சல். "கர்ப்பப்பையே இல்லை, இனி என்ன மெனோபாஸ் (மாதவிலக்கு நின்றுபோவது)" என்று டாக்டர் சொல்கிறார். சரியா?

— குமுளி வாசகர்

பதில்: சரியில்லை. ஹார்மோன் சுரப்பது சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, சினைப்பையையும் எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் எடுத்திருந்தால் ஆபரேஷன் அன்றைக்கே மெனோபாஸ் தொடங்கிவிட்டது. விட்டுவைத்திருந்தாலும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அது கொஞ்சம் முந்தியே ஓயலாம். மாதாமாதம் வரும் அடையாளம் இல்லாததால் இவர்களுக்குத் தொந்தரவுகளை வைத்தும் எஃப்.எஸ்.எச். சோதனையை வைத்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். படபடப்புக்கு ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்த அளவு பார்க்கட்டும். எரிச்சலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமி இல்லையென்றால் பிறப்புறுப்பு வறட்சியாக இருக்கலாம், அதற்குத் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நல்ல பலன் தரும். வெட்கத்தில் பெண்கள் அதைச் சொல்வதே இல்லை.

மனைவிக்காக நீங்கள் கடிதம் எழுதியது எனக்குச் சந்தோஷம். டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போங்கள். ஆனால் பேசுவதை அவரிடமே விடுங்கள், அவர் விட்டுப்போனதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துவிட்டது என்றால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் தேதியைச் சொல்லி நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.