அறை நண்பருக்கு எச்ஐவி: ஒரே தட்டு, கொசுக்கடி, காய்ச்சல்

அறை நண்பருக்கு எச்ஐவி இருக்கிறது, எனக்கும் காய்ச்சல், அவரிடமிருந்து தொற்றியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொற்றாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ, ஒரே கழிப்பறையாலோ, அவரைக் கடித்த கொசு உங்களையும் கடித்ததாலோ எச்ஐவி வராது. கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமி பெருகுவதில்லை, செரித்து அழிந்துவிடுகிறது.

நான்கு நாள் காய்ச்சல் என்கிறீர்கள். இந்த மழைக்காலத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது டெங்குவைத்தான். நாளைக் காலையிலேயே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எச்ஐவி சிடி4 என்னும் வெள்ளணுக்களை அழிக்கிறது. எதிர்ப்புச் சக்தி சரியப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். காய்ச்சலை வைத்து எச்ஐவி இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியாது.

மனம் அடங்காவிட்டால், சென்னை சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள்.

சவர பிளேடை மட்டும் பகிராதீர்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்த ஊசி என உங்களுக்கே வேறு ஆபத்து நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், தடுப்பு மருந்து உண்டு. அது கடந்திருந்தால் இப்போதும், 3 மாதம் கழித்தும் பரிசோதியுங்கள்.

அவரை அறையைக் காலி செய்யச் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் எச்ஐவி மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம்கூட அது பரவாது. மேலாளரிடமும் சொல்லாதீர்கள். எச்ஐவி உள்ளவருக்கு வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.