அபெக்ஸ் சீல்: எதைப் போடலாம்? கேள்வி பதில்

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின்களைப் பல வருடமாகப் பிரித்து மாட்டி வருகிறேன். முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒரு பள்ளம் இருக்கும். அதில் உட்கார்ந்து ஹவுசிங் சுவரை, அதாவது ரோட்டரைச் சுற்றியுள்ள கூட்டின் உள்சுவரை, உரசிக்கொண்டே ஓடும் மெல்லிய பட்டைதான் அபெக்ஸ் சீல். அதை எந்தப் பொருளில் வாங்குவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கே: அண்ணா, மாஸ்டாவின் டர்போ 13பி ரோட்டரி இன்ஜினை முதல்முறையாகப் பிரித்திருக்கிறேன். கம்பெனி வார்ப்பிரும்பு சீல் போடவா, ஸ்டீல் சீல் போடவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: தம்பி, சீலைப் பற்றிக் கேட்டீர்கள், ஹவுசிங் எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லையே. இந்த இரண்டும் ஒரு ஜோடி. ஒன்றைப் பார்க்காமல் மற்றதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மாஸ்டாவின் வார்ப்பிரும்பு சீல் சாதாரண இரும்பு இல்லை. உரசும் விளிம்பை மட்டும் எலக்ட்ரான் கற்றையால் உருக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியிருப்பார்கள். குரோம் பூசிய ஹவுசிங்கோடு அது நன்றாக ஒத்துப்போகும், குரோமை அதிகம் தின்னாது. ஆனால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் படாரென்று வெடிப்பது, வந்தால் வளையாது, உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி, ரோட்டரைக் கொத்தி, எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்போவின் டர்பைன் இறக்கைகளையும் பதம் பார்த்துவிடும்.

ஸ்டீல் சீல் அதே அடிக்கு வளைந்து கொடுக்கும். கம்ப்ரஷன் போகும், இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும், ஆனாலும் ஹவுசிங்கும் டர்போவும் பிழைக்க வாய்ப்பு அதிகம். இதற்கு விலை, ஹவுசிங் தேய்மானம். எண்ணெய் குறைந்தால் குரோமை வேகமாகத் தேய்க்கும்.

பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) கம்பெனி அளவில்தான், டியூனிங்கும் நம்பிக்கையானது என்றால் நான் வார்ப்பிரும்புதான் போடுவேன். பூஸ்ட் ஏற்றப் போகிறீர்கள், டியூனிங் இன்னும் முடியவில்லை என்றால் ஸ்டீல். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: சீல் பலவீனமாக இருப்பதால் நாக்கிங் வருவதில்லை. பெட்ரோல் கலவை மெலிந்தாலோ, இக்னிஷன் டைமிங் அதிகம் முன்னால் போனாலோதான் பெரும்பாலும் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும்.

கே: ஹவுசிங் நன்றாக இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ப: மேசையில் படுக்கவைத்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். ஸ்பார்க் பிளக் துளைகள் இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். எரிப்பு நடப்பது அங்கேதான், சூடும் அங்கேதான் அதிகம். விளிம்பை ஒட்டிக் குரோம் செதில் செதிலாக உரிந்திருந்தால் அந்த இடம் மங்கலான சாம்பல் நிறத்தில் தெரியும். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தைச் சீல் ஓடும் திசையில் மெதுவாக இழுங்கள். படிக்கட்டில் இறங்குவது போல நகம் தட்டத் தட்டப் போனால் அது சேட்டர் தடம். கண்ணுக்குத் தெரியாததும் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

குரோம் உரிந்த ஹவுசிங்கில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தக் காசு வீண்தான். என் முதல் இன்ஜினில் அதைத்தான் செய்தேன். புது சீல், பழைய ஹவுசிங். ஓரத்தில் கொஞ்சம்தானே உரிந்திருக்கிறது என்று மாட்டினேன். சில மாதத்தில் சீலின் ஒரு முனை கத்தி தீட்டியது போலச் சாய்வாகத் தேய்ந்து வந்தது.

கே: சேட்டர் தடம் எதனால் வருகிறது? அந்தக் காலத்தில் கார்பன் சீல் போட்டார்களாமே?

ப: ஆமாம், இரண்டும் ஒரே கதைதான். சீல் சுவரில் நேராக நின்று ஓடுவதில்லை. 13பி அளவுகளில், அதாவது ரோட்டர் ஆரம் 105 மி.மீ., எக்சென்ட்ரிசிட்டி (ரோட்டர் மையம் ஷாஃப்ட் மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரம்) 15 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், அது இரண்டு பக்கமும் சுமார் 25 டிகிரி வரை சாய்ந்து சாய்ந்து போகிறது. ஷாஃப்ட் 7000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது சீல் முனையின் வேகம் நொடிக்குச் சுமார் 15 மீட்டரிலிருந்து 37 மீட்டர் வரை ரோட்டரின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். இந்த ஓட்டத்தில் சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்க ஆரம்பித்தால் சுவரில் வரி வரியாகத் தடம் விழும். மாஸ்டா பொறியாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்றே அழைத்தார்கள். மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் பிரிவுத் தலைவர் கெனிச்சி யமமோட்டோவின் குழு முதலில் சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தது. 1967-ல் வந்த மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் காரில் அலுமினியம் ஊறவைத்த கார்பன் சீல் போட்டார்கள். லேசானது, தானே வழுக்கிக்கொள்ளும், சுவரைத் தேய்க்காது. நொறுங்கிவிடும் என்பதால் தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது. பிறகு 1970-களில் வார்ப்பிரும்புக்கு மாறிவிட்டார்கள்.

அதே 1967-ல் வந்த ஜெர்மன் கம்பெனி என்எஸ்யூவின் ரோ 80 காரின் ஆரம்ப இன்ஜின்கள் சீல் தேய்மானத்தால் பெயர் கெட்டுப்போயின. பிற்பாடு சுவருக்கு நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு, சீலுக்கு டைட்டானியம் கார்பைடு கலந்த ஃபெரோடிக் என்று ஜோடியாக அமைத்தார்கள். நான் ஜோடி ஜோடி என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கே: செராமிக் சீல்தான் உச்சம் என்கிறார்களே, போட்டுவிடலாமா?

ப: 1991-ல் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்த மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் இன்ஜினில் செராமிக் சீல்தான் இருந்தது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் சிலிக்கான் நைட்ரைடு. எடை இரும்பில் பாதிக்கும் குறைவு, அதனால் அதிக ஆர்.பி.எம்.மில் மையவிலக்கு விசை சுவரை அழுத்துவதும் குறைகிறது. குரோமுக்கு இதைப்போல நல்லது வேறில்லை. ஆனால் பலமான நாக்கிங் அடி விழுந்தால் சிதறும், விலையும் பல மடங்கு. டர்போ இல்லாத, நாள் முழுக்க 9000 ஆர்.பி.எம். பக்கம் ஓடும் ரேஸ் இன்ஜினுக்குத் தாராளமாகப் போடுங்கள். தினமும் ஓட்டும் காருக்கு வேண்டாம்.

கே: ரோட்டரில் இருக்கும் 2 மி.மீ. சீல் பள்ளத்தை 3 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் பலமாக இருக்கும்தானே?

ப: சீல் பலமாகும், எடையும் கூடும். வெட்டிய ரோட்டரைப் பழையபடி ஆக்க முடியாது. பள்ளம் தேய்ந்துபோன ரோட்டரைக் காப்பாற்ற இது நல்ல வழி. நல்ல ரோட்டரில் செய்யாதீர்கள்.

கே: பழைய சீல் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது சார். திரும்பப் போடலாமா?

ப: கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், மைக்ரோமீட்டரால் அளங்கள். 2 மி.மீ. சீல் போட்ட 13பி-யில் புது சீலின் உயரம் 8 மி.மீ., 6.5-க்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டும். அப்புறம் சீலைப் பள்ளத்தில் வைத்து, பக்கத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.15 மி.மீ. தாண்டக் கூடாது. அதற்காக இடைவெளியே இருக்கக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். எரிப்பு அறையில் இருக்கும் வாயுவின் அழுத்தம் அந்தச் சந்து வழியாகத்தான் சீலின் அடிக்கு இறங்கி அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. ஸ்பிரிங்கின் வேலை முக்கியமாக ஸ்டார்ட் ஆகும்போதுதான். சந்து இல்லாமல் இறுக்கமாகப் பொருத்தினால் சூட்டில் சீல் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். அளவு சரியாக வந்தாலும், ஹவுசிங் மாற்றுகிறீர்கள் என்றால் சீலையும் புதிதாகப் போடுங்கள்.

கே: ஸ்டீல் சீல் போட்டால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டுமா?

ப: வேண்டும். ஆயில் மீட்டரிங் பம்ப் (சீலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் அனுப்பும் பம்ப்) வேலை செய்தாலும் நான் கலப்பேன். நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், நூறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு. வார்ப்பிரும்புக்கு அதில் பாதி போதும்.

கே: ஸ்டீல் சீல் போட்டு இன்ஜின் மாட்டிவிட்டேன். கம்ப்ரஷன் 5.8, 6.0, 6.1 என்று காட்டுகிறது. சூடானபின் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. மறுபடி பிரிக்கணுமா?

ப: அவசரப்படாதீர்கள். 250 ஆர்.பி.எம்.மில் சதுர செ.மீ.க்கு 6 கிலோ என்பது 13பி-க்குக் கடைசி எல்லை, நீங்கள் அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள். ஆனால் ஸ்டீல் சீலின் முனை சுவரின் வளைவுக்குப் பழகக் கூடுதல் நேரம் எடுக்கும். ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டினால்தான் பயப்படணும், உங்களுக்கு மூன்றும் ஒட்டியே இருக்கின்றன. பூஸ்ட் கொடுக்காமல், ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஆயிரம் கி.மீ. ஓட்டுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, இன்ஜின் சூடாக, இரண்டு ரோட்டரிலும் மறுபடி அளந்து ஆறு எண்களையும் எழுதுங்கள். எத்தனை ஆர்.பி.எம்.மில் அளந்தீர்கள் என்பதையும் மறக்காமல் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.