அடிபட்ட ஆர்க்கிட் பிழைக்குமா? – கேள்வி பதில்

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வைத்திருந்த தொட்டி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. வேர்கள் சில முறிந்திருக்கின்றன, ஓர் இலை பாதி கிழிந்து தொங்குகிறது. உடனே வேறு தொட்டிக்கு மாற்றி உரம் கொடுக்கலாமா?

மாற்றலாம். உரம் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். காயம்பட்ட வேரில் உரத்தின் உப்பு பட்டால் பிழைக்க வேண்டிய வேரும் கருகிவிடும்.

முதலில் வேர்களை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அதில் உயிர் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் நசுங்கினாலோ, பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தாலோ, நல்ல பகுதி தொடங்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள். சந்தேகமிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நல்ல வேர் சாம்பல் வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறும். மேலே உள்ள பஞ்சு போன்ற உறை உரிந்து, நடுவில் கம்பி மாதிரி மெல்லிய நரம்பு மட்டும் தெரியும் வேர்களையும் பார்ப்பீர்கள். அந்த நரம்பு அறாமல் இருந்து அதற்கு அப்பாலுள்ள பகுதி கெட்டியாக இருந்தால் வெட்டாதீர்கள். அதன் வழியாக இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

வெட்டுவதற்கு முன் பிளேடை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் வைரஸ்கள் வெட்டுக்கருவி வழியாகவும் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன, அவற்றுக்கு மருந்தும் கிடையாது. வெட்டுக்காயம் ஒரு நாளாவது காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். இலவங்கப்பட்டைத் தூளை இலைக்காயத்தில் தூவலாம். வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும்.

நட்ட பிறகு செடி ஆடக் கூடாது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புதிதாக வரும் வேர்நுனி மிக மென்மையானது. செடி அசையும்போதெல்லாம் அது தொட்டியில் நிரப்பிய மரப்பட்டைத் துண்டில் உரசி நசுங்கிவிடும். குச்சி நட்டுக் கட்டுங்கள். தொட்டியும் வேர்கள் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

கிழிந்த இலையை அப்படியே விட்டுவிடுங்கள். பச்சையாக இருக்கும்வரை அது செடிக்கு உணவு தயாரிக்கும்.

பூந்தண்டு மொட்டோடு ஒடிந்துவிட்டது. ஒட்டவைக்க முடியுமா?

முழுவதும் அறாமல் ஒரு பக்கம் நார் பிடித்துக்கொண்டிருந்தால் முயலலாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதுபோல, இருபுறமும் மெல்லிய குச்சி வைத்து டேப்பால் சுற்றி, தண்டின் பாரம் அந்த இடத்தில் இறங்காமல் தாங்கு கொடுங்கள். ஒடிந்த அன்றே செய்தால்தான் பலன்.

முழுதும் அறுந்துவிட்டால் ஒட்டாது. பூத்த தண்டாக இருந்தால் தண்ணீர் ஜாடியில் வையுங்கள், பூக்கள் சில நாட்களாவது நிற்கும். செடியில் மிஞ்சிய தண்டைக் கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து இரண்டு மூன்று மாதங்களில் கிளைத்துப் பூக்க வாய்ப்புண்டு. இலைகள் தொய்ந்திருந்தால் அந்த ஆசை வேண்டாம், அடியோடு வெட்டிவிடுங்கள்.

உச்சியில் இருந்த குருத்தே ஒடிந்துவிட்டது. இனி செடியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இலை பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது.

ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றுதான். அது போனால் அந்த இடத்திலிருந்து புது இலை வராது, அது உண்மை. ஆனால் கீழ் இலைகளின் இடுக்கில் உறங்கும் மொட்டுகள் உண்டு. உச்சி போன பிறகு அவற்றில் ஒன்று விழித்துப் பக்கக் கன்றாக வரக்கூடும். உறுதியாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, வந்தாலும் மாதக்கணக்காகும். அதுவரை உங்கள் வேலை ஒன்றுதான்: ஒடிந்த குழியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஒரு சொட்டு இரவெல்லாம் நின்றாலே அழுகல் தொடங்கிவிடலாம். தண்ணீர் பட்டுவிட்டால் காகிதத்தின் முனையைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள். பக்கக் கன்று வந்தால் பிரிக்காதீர்கள், தாய்ச்செடியின் வேரிலேயே வளரட்டும்.

வாண்டா ஆர்க்கிட்டும் இதேபோல் ஒற்றை முனையில் வளரும் வகைதான், ஆனால் அதற்கு வேறொரு வழி உண்டு. ஒடிந்த மேல்பகுதியில் சொந்தமாக வேர் இருந்தால் அது தனிச்செடியாகவே பிழைக்கும். அடித்தண்டிலும் கன்று வெடிக்கலாம். டென்ட்ரோபியம், காட்லியா ஆர்க்கிட்டுகள் வைத்திருப்பவர்கள் இந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். இளந்தண்டு ஒடிந்தாலும் அடியில் அடுத்த கண் இருக்கும். டென்ட்ரோபியத்தின் இலையுதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்தவை என்று வெட்டிவிடாதீர்கள். செடியின் சேமிப்பு அவற்றில்தான் இருக்கிறது.

ஜன்னலோரம் மாற்றி வைத்ததில் இலையில் வெளுத்த திட்டு விழுந்துவிட்டது. மறையுமா?

மறையாது. வெயிலில் வெந்த இடம் அது. நேர்வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். திட்டு காய்ந்து பரவாமல் நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஈரமாகிப் பரவினால் அது அழுகல், ஓரத்தில் கொஞ்சம் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள்.

உரத்தைத் தவறுதலாகப் பல மடங்கு கலந்து ஊற்றிவிட்டேன்.

உடனே தொட்டியின் வழியாகச் சில நிமிடங்கள் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் அப்படியே செய்யுங்கள். பிறகு சில வாரங்களுக்கு வெறும் தண்ணீர்தான். வேர்நுனிகள் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், பின்னாலிருந்து புதிதாகக் கிளைக்கும்.

விழுந்ததிலிருந்து இலைகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. தினமும் தண்ணீர் விட்டும் தேறவில்லையே?

தினமும் விடுவதை இன்றே நிறுத்துங்கள். உறிஞ்ச வேர் இல்லாததால்தான் இலை சுருங்குகிறது. இருக்கிற கொஞ்ச வேரும் நனைந்தே இருந்தால் மூச்சுமுட்டி அழுகும். வேர் மிகக் குறைவாக இருந்தால், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியின் மேல் செடியை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி நிழலில் வையுங்கள். காற்றின் ஈரம் இலையிலிருந்து நீர் போவதைக் குறைக்கும். தினம் ஒருமுறை பையைத் திறந்து காற்று விடுங்கள். அடியிலை மஞ்சளாகிப் போவது இயல்பு, பிய்க்காமல் அதுவாக உதிரும்வரை காத்திருங்கள்.

பிழைத்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

வேர்நுனியை வைத்துத்தான். சுருங்கிய பழைய இலை முழுதும் நிமிராமலே போகலாம், அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். பளபளப்பான பச்சையாகவோ ஊதா கலந்தோ ஒரு புது நுனி எட்டிப்பார்த்தால் செடி தேறிவிட்டது. அந்த நுனி விரல் நீளம் வளர்ந்த பிறகு, உரப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு உரம் கொடுக்கத் தொடங்கலாம். அதற்குள் இரண்டே இலையுள்ள செடி பூந்தண்டு விட்டால், மனம் கேட்காவிட்டாலும் அதைச் சிறிதாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். இந்த ஆண்டு அந்தச் செடிக்கு வேரும் இலையும்தான் தேவை.